"போய்ப் பேசு" என்று உள்ளே தோன்றுவது ஆவியானவருடைய ஏவுதல்தானா?

தாம்பரத்திலிருந்து பீச் போகும் லோக்கல் ரயிலில் தினமும் வேலைக்குப் போகிற ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எதிர் சீட்டில் முகம் வாடி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் "இவங்ககிட்ட இயேசுவைப் பத்திச் சொல்லு" என்று உள்ளே பலமாக ஒரு எண்ணம் வந்ததாம். நெஞ்சு படபடத்ததாம், வாய் வரவில்லையாம், அந்தப் பெண் மாம்பலத்தில் இறங்கிப் போய்விட்டாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் "சொல்லாமல் விட்டால் இரத்தப்பழி உன் தலைமேல்" என்று செய்தி. அன்றிலிருந்து தூக்கமில்லை. அது ஆவியானவர்தானா, நான் கீழ்ப்படியாமல் போனது பாவமா, அடுத்த தடவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். மேலுக்கு மூன்று கேள்விகள். ஆனால் அடியில் இருப்பது "ஆண்டவர் என்மேல் கோபமாக இருக்கிறாரா" என்கிற ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. இல்லை, சகோதரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும்.

நான் இறையியல் படித்தவன். சில காலம் சபையில் இருந்துவிட்டு, அப்புறம் பல வருடங்கள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் போதகராக இருந்தேன், அங்கே சாப்ளின் என்று கூப்பிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் போய் உட்கார்வதுதான் அந்த வேலையே. அதனால் நீங்கள் சொல்கிற படபடப்பு எனக்கு நன்றாகத் தெரியும். "ஆண்டவர் பேசச் சொன்னார்" என்று வந்தவர்களால் ஆறுதல் அடைந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், அதே வார்த்தையோடு வந்தவர்களால் நொந்துபோன நோயாளிகளையும் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லோருமே உண்மையாகத்தான் வந்தார்கள், அங்கேதான் சிக்கலே.

இரத்தப்பழியை முதலில் எடுத்துக்கொள்வோம், தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்பதால். அது எசேக்கியேல் 3-ஆம் அதிகாரத்து வசனம், 33-இலும் வருகிறது. யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்கு, அவருடைய சொந்த ஜனத்தைக் குறித்து, "இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளனாக வைத்தேன்" என்று குறிப்பாகச் சொல்லிக் கொடுத்த பொறுப்பு அது. அவர் என்ன சொல்லவேண்டும் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 15-ஆம் வசனத்தில் இன்னொன்று இருக்கிறது, பிரசங்கங்களில் அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. கேபார் நதிக்கரையில் தெலாபீபில் குடியிருந்த சிறையிருப்பின் ஜனங்களிடம் எசேக்கியேல் போகிறார், போய் ஏழு நாள் அவர்கள் நடுவிலே பிரமித்தவனாய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாள் முடிந்த பிறகுதான் காவலாளன் என்கிற வார்த்தையே வருகிறது. லோக்கல் ரயிலில் இருபது நிமிஷம் எதிரே உட்கார்ந்திருந்த, பெயர்கூடத் தெரியாத ஒருவருடைய இரத்தப்பழியை இந்த வசனத்தை வைத்து உங்கள் தலையில் ஏற்றுவது சரியான வியாக்கியானம் இல்லை. பவுல் "எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நீங்கி நான் சுத்தமாயிருக்கிறேன்" என்று அப்போஸ்தலர் 20-இல் சொல்கிறாரே என்று கேட்கலாம். சொல்கிறார், ஆனால் மூன்று வருடம் கூடவே இருந்து இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்ன எபேசு சபை மூப்பர்களிடம் சொல்கிறார். வழியில் கடந்து போனவர்களைப் பற்றி அல்ல.

இன்னும் ஒரு இடம் இருக்கிறது. உங்களுக்கு மருந்தாக ஒரு பகுதியைத்தான் தரலாம் என்றால் நான் 2 கொரிந்தியர் 2-ஆம் அதிகாரம் 12, 13 வசனங்களைத் தருவேன். பவுல் துரோவா பட்டணத்துக்குச் சுவிசேஷம் சொல்லவே போகிறார். கர்த்தராலே கதவு திறந்திருக்கிறது என்று அவரே எழுதுகிறார், அதாவது சந்தேகமே இல்லை, வாய்ப்பு ஆண்டவர் தந்தது. ஆனால் கொரிந்துவிலிருந்து செய்தியோடு வரவேண்டிய தீத்து வந்து சேரவில்லை, அந்தச் சபையைப் பற்றிய கவலை, "என் ஆவிக்கு அமைதலில்லாதிருந்தது". அவர்களிடம் விடைபெற்றுக்கொண்டு மக்கெதோனியாவுக்குக் கிளம்பிவிட்டார். திறந்த கதவை விட்டுவிட்டுப் போய்விட்டார்! அடுத்த வசனம் என்ன? பாவ அறிக்கையா? இல்லை, "எங்களை எப்பொழுதும் வெற்றிசிறக்கப்பண்ணுகிற தேவனுக்கு ஸ்தோத்திரம்". அப்போஸ்தலர் 20-இல் மறுபடி அதே துரோவாவுக்கு வருகிறார், அங்கே அப்பம் பிட்கக் கூடிவந்த ஒரு கூட்டமே இருக்கிறது, ஏழு நாள் தங்குகிறார், நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் நீள்கிறது, ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கி ஜன்னலிலிருந்து விழுகிறானே, அந்த ஊர்தான். பவுல் போய்விட்டதால் துரோவாவின் கதை முடிந்துபோகவில்லை. உங்கள் மௌனத்தால் அந்தப் பெண்ணின் கதையும் முடிந்துபோகாது. அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

சரி, அது ஆவியானவர்தானா? இங்கே எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லவேண்டும். சாட்சியாக இருப்பது சபைக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்பது உறுதி, எந்தச் சபைப் பிரிவும் அதில் மாறுபடாது. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதும் உறுதி (1 பேதுரு 3:15). ஆவியானவர் மனிதர்களை இன்னாரிடம் போ என்று அனுப்பியதும், போகாதே என்று தடுத்ததும் வேதத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் 16-இல் ஆசியாவிலே வசனத்தைச் சொல்லாதபடி ஆவியானவர் தடை பண்ணினார் என்று இருப்பதை வாலிபர் கூட்டங்களில் ஏன் பேசுவதேயில்லை என்று எனக்குத் தெரியவில்லை. "சொல்லாதே" என்பதும் ஏவுதலாக இருக்கலாம்.

உறுதியில்லாதது என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட காலையில், ஒரு குறிப்பிட்ட எண்ணம், அந்த ஏவுதல்தானா என்பது. அதை வெளியிலிருந்து யாராலும் நிரூபிக்க முடியாது, என்னாலும் முடியாது, உங்கள் பாஸ்டராலும் முடியாது. இதில் சபைகளும் ஒரே கருத்தில் இல்லை. லூத்தரன்கள் 1537-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள், வெளியே கேட்கிற வசனம் இல்லாமல் தனியாக உள்ளே ஆவி பேசுகிறது என்கிறவர்களை நம்பாதே என்று. பெந்தெகொஸ்தே சபைகளில் இன்றைக்கும் அவர் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் நடத்துகிறார் என்பது அடிப்படை நம்பிக்கை. நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், நடத்துகிறார் என்றுதான் நம்புகிறேன், ஆனால் நாம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு அடிக்கடி அல்ல என்றும் நினைக்கிறேன். 1740-களில் அமெரிக்காவில் நார்தாம்ப்டனில் பெரிய எழுப்புதலை நேரில் பார்த்த போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் அந்த எழுப்புதலுக்காக வாதாடியவர். அவரேதான், ஒரு எண்ணமோ ஒரு வசனமோ திடீரென்று மனதில் வந்து பலமாக மோதுவதை மட்டும் வைத்து அது தேவனிடமிருந்து வந்தது என்று முடிவுகட்டாதீர்கள் என்று திரும்பத் திரும்ப எச்சரித்தார். பலம் அடையாளம் இல்லை. படபடப்பும் அடையாளம் இல்லை. அறிமுகம் இல்லாதவரிடம் வாய் திறக்கப்போகிறோம் என்றாலே உடம்பு அப்படித்தான் செய்யும், காதலைச் சொல்லப் போகிறவனுக்கும் அதே படபடப்புதான்.

சொல்லப்போகிற விஷயம் சரியானது என்பதுகூட அடையாளம் இல்லை என்பேன். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற ஒரு பெண் பவுலுக்குப் பின்னாலேயே வந்து "இந்த மனுஷர் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர், இரட்சிப்பின் வழியை அறிவிக்கிறவர்கள்" என்று அநேக நாள் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து பொய் இல்லை அதில். ஆனால் அது ஆண்டவரின் ஆவி இல்லை. அப்புறம் தீரு பட்டணத்துச் சீஷர்கள் ஆவியின் ஏவுதலினாலே பவுலை எருசலேமுக்குப் போகவேண்டாம் என்கிறார்கள், பவுலோ ஆவியிலே கட்டுண்டவனாய்ப் போகிறேன் என்று ஒரு அதிகாரம் முன்னால்தான் சொல்லியிருக்கிறார். ஆவியானவரையே சுட்டி இரண்டு முடிவு. பாடுகள் வரும் என்கிற செய்தி அவரிடமிருந்து, போகவேண்டாம் என்பது அவர்கள் அன்பில் சேர்த்துக்கொண்டது என்று சிலர் விளக்குவார்கள். இருக்கலாம். அப்போஸ்தலர் காலத்திலேயே ஏவுதல் ஒன்று, அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம் வேறொன்று என்று இருந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "அந்தப் பெண்ணைக் கவனி" என்று வந்ததை நீங்கள் "இயேசுவைப் பற்றிச் சொல்" என்று கேட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு இல்லையா?

பிலிப்பும் எத்தியோப்பிய மந்திரியும் கதையை எடுங்கள், இந்த விஷயத்துக்கு எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். தேவதூதன் சொன்னது "காசாவுக்குப் போகிற வனாந்தர மார்க்கமாய்ப் போ", அவ்வளவுதான். ஆவியானவர் சொன்னது "அந்த இரதத்துடனே சேர்ந்துகொள்", அவ்வளவுதான். பிரசங்கம் பண்ணு என்று ஒரு வார்த்தை இல்லை. பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்து முதலில் காதைக் கொடுக்கிறார், அவர் ஏசாயாவை வாசிப்பது கேட்கிறது. அப்புறம் "வாசிக்கிறது உமக்குப் புரிகிறதா" என்கிற பொருளில் ஒரு கேள்வி. அந்த மனிதர் "ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும்" என்று சொல்லி, ஏறி உட்காரும்படி அவரே வேண்டிக்கொள்கிறார். இயேசுவைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான், அதுவும் அவர் கேட்ட கேள்வியிலிருந்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த வசனத்திலிருந்து தொடங்குகிறது. இரதம் அவருடையது, அழைப்பு அவருடையது, கேள்வியும் அவருடையது. பிலிப்பு கீழ்ப்படிந்தது பக்கத்தில் போனதில். பேதுருவும் அப்படித்தான், கொர்நேலியு வீட்டுக்குள் போனதும் "என்ன காரியத்துக்காக என்னை அழைத்தீர்கள்" என்று கேட்கிறார்.

வேதத்துக்கு வெளியே எனக்குப் பிடித்த ஆள் ஜான் வுல்மன். நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹோலியில் இருந்த தையற்காரர், குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்து பேசியவர். காட்டுப் பகுதியில் இருந்த பூர்வகுடிகளைப் பற்றி அவருக்கு உள்ளே ஒரு இழுப்பு பல வருடமாக இருந்தது. உடனே கிளம்பிவிடவில்லை. தன் சபையின் மாதக் கூட்டத்தில் சொன்னார், காலாண்டுக் கூட்டத்தில் சொன்னார், பெரிய கூட்டத்திலும் வைத்தார், அவர்கள் ஒத்துக்கொண்டபின் 1763-இல் புறப்பட்டார். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், கிளம்புகிற சமயத்தில் வெள்ளையர்கள் கொல்லப்பட்ட செய்தியும் வந்தது. சஸ்குவஹானா நதிக்கரையில் வியாலூசிங் என்கிற ஊருக்கு அவர் போனதன் காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: முதலில் வந்த அசைவு அன்பு, அதிலிருந்துதான் அவர்களோடு கொஞ்ச காலம் இருந்து அவர்கள் வாழ்க்கையையும் அவர்கள் உள்ளத்தையும் புரிந்துகொள்ளவேண்டும், அவர்களிடமிருந்தும் ஏதாவது கற்றுக்கொள்ளக் கிடைக்குமா என்கிற பாரம் வந்தது என்று. நன்றாகக் கவனியுங்கள், கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று அவர் தொடங்கவில்லை. அங்கே ஒரு மாலைக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பு தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ணத் தோன்றுகிறது, நீங்கள் மொழிபெயர்க்காமல் விட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவர் ஆங்கிலத்தில் ஜெபித்தார். முடிந்ததும் அந்த ஊர்த் தலைவர் பாப்புனெஹாங் சொன்னாராம், வார்த்தைகள் எங்கேயிருந்து வருகின்றன என்பதை உணர்வது எனக்குப் பிடிக்கும் என்று.

எதிரே இருக்கிறவருக்கு அது தெரிந்துவிடும், சகோதரி. பயத்திலிருந்து பேசுகிறீர்களா, கணக்குக் காட்டப் பேசுகிறீர்களா, அன்பிலிருந்து பேசுகிறீர்களா என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். வாலிபர் முகாம்களில் "இந்த வாரம் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்" என்று கை தூக்கச் சொல்லும் பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. எண்ணிக்கைக்காகப் பேசுகிறவனுக்கு எதிரே இருப்பவர் வெறும் எண்தான்.

சோதித்துப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் எதுவும் இயந்திரம் மாதிரி விடை தராது. நான் முதலில் பார்ப்பது என் கவனம் எங்கே போகிறது என்பதை. அந்த எண்ணம் வந்தபின் எதிரே இருப்பவரைக் கூடுதலாகப் பார்க்கிறேனா, அவர் களைப்பா, அழுதிருக்கிறாரா, பேச விருப்பமுள்ள முகமா, அல்லது காதில் இயர்போன் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று? அல்லது அவர் கண்ணிலிருந்து மறைந்துபோய் "நான் சொன்னேனா சொல்லவில்லையா, நான் தைரியசாலியா கோழையா" என்று எல்லாம் என்னைச் சுற்றியே ஓடுகிறதா? இரண்டாவது என்றால் அதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். அடுத்தது, அந்த எண்ணம் விட்டுப்போகிற சுவை. இதைக் கத்தோலிக்கர்கள் நம்மைவிட நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள். 1521-இல் பாம்பலோனா சண்டையில் குண்டடிபட்டு லொயோலாவில் படுத்துக்கிடந்த, பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், தன் மனதில் ஓடிய கனவுகளில் சில முடிந்தபின் வறட்சியை விட்டுப்போவதையும் சில முடிந்தபின்னும் நெடுநேரம் சந்தோஷத்தை விட்டுவைப்பதையும் கவனித்தார். அவர் பின்னாளில் எழுதிய பகுத்தறிதல் விதிகளெல்லாம் அங்கிருந்து கிளம்பியவைதான். நல்ல வழியில் போக முயல்கிற ஆளிடம் நல்ல ஆவி மெல்ல வரும், பஞ்சில் தண்ணீர் இறங்குகிற மாதிரி, மற்றது கல்லில் தண்ணீர் தெறிக்கிற மாதிரிச் சத்தத்தோடு வரும் என்பது அவருடைய உவமை. அவசரப்படுத்தி, மிரட்டி, "இப்பவே, இல்லாட்டி அவ்வளவுதான்" என்று நெருக்குகிற குரலைச் சந்தேகப்படலாம் என்று நான் நினைப்பதற்கு அவரும் ஒரு காரணம். ஆனால் இதையும் விதியாக்கிவிடாதீர்கள், கல்லில் தெறிக்கிற மாதிரி வந்த ஏவுதல்களும் வேதத்தில் இருக்கின்றன, யோனாவைக் கேளுங்கள்.

அடுத்த தடவை அந்த எண்ணம் வந்தால் நான் செய்வது மாதிரியே நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு வரி ஜெபம், "ஆண்டவரே, இது நீரென்றால் வழியைத் திற, இல்லையென்றால் என்னைச் சும்மா இருக்க விடும்". அப்புறம் மிகச் சின்னதாக ஒரு அடி. ஒரு புன்னகை, "ரொம்பக் களைப்பா இருக்கீங்களே அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு வார்த்தை. அவர் "ஒண்ணுமில்லை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் அத்தோடு விட்டுவிடுங்கள், உங்கள் பங்கு முடிந்தது. பேசினால் கேளுங்கள். நிஜமாகவே கேளுங்கள், எங்கே இயேசுவை நுழைக்கலாம் என்று இடைவெளி பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள், அதுவும் தெரிந்துவிடும். கேட்டபின், சொல்லவேண்டும் என்று இன்னும் தோன்றினால், அனுமதி கேளுங்கள்: "நான் கிறிஸ்தவள், உங்களுக்காக மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கட்டுமா?" நம் ஊரில் இதற்கு வேண்டாம் என்பவர்கள் குறைவு. வேண்டாம் என்றால் "சரிங்க அக்கா" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். உங்கள் கதையைச் சொல்ல வாய்த்தால் உங்களுக்கு நடந்ததை மட்டும், மாம்பலம் வருவதற்குள் முடிகிற அளவில், கூட்டிச் சொல்லாமல் சொல்லுங்கள். "நாங்களும் வேளாங்கண்ணி போவோம்", "எல்லா சாமியும் ஒண்ணுதானே" என்று பதில் வரும், கட்டாயம் வரும். அங்கே வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். அவர் வேளாங்கண்ணிக்கு எதற்காகப் போனார், அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவே, பின்னால் சக மிஷனரி கிருண்ட்லரோடு சேர்ந்து, தமிழர்களிடம் அவர்கள் நம்பிக்கையைப் பற்றியும் பழக்கவழக்கங்களைப் பற்றியும் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். நமக்கு மட்டும் கேட்க நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் நான் கற்ற ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்லவேண்டும். படுக்கையில் இருக்கும் நோயாளி எழுந்து போகமுடியாது. காலையில் ஊசி வேண்டாம் என்று சொல்லமுடியாது, ரத்தம் எடுக்கவேண்டாம் என்று சொல்லமுடியாது, உப்பில்லாத கஞ்சியை வேண்டாம் என்று சொல்லமுடியாது. போதகரை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். அந்த ஒரு "வேண்டாம்" அவருக்குக் கிடைத்தால், அன்றைக்கு அவர் கையில் இருந்த ஒரே அதிகாரம் அது. அதனால் "உட்காரலாமா?" என்று கேட்காமல் நான் எந்தக் கட்டில் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை, வேண்டாம் என்றவர்களிடம் அடுத்த நாளும் வணக்கம் சொல்லத் தவறியதில்லை. வேண்டாம் என்றவர்களில் சிலர் பின்னால் தாங்களே கூப்பிட்டார்கள், பலர் கூப்பிடவில்லை, இரண்டும் சரிதான். ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்து, நடைபாதைப் பக்கம் நீங்கள் உட்கார்ந்து, ரயிலும் ஓடிக்கொண்டிருந்தால் அவரும் கிட்டத்தட்ட அந்த நோயாளி நிலைமையில்தான் இருக்கிறார், அதை மனதில் வையுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர், உங்களிடம் கடன் வாங்கியவர், இவர்களிடம் இன்னும் பத்து மடங்கு ஜாக்கிரதை வேண்டும். அவர்கள் தலையாட்டுவது எதற்காக என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம், துக்கத்தில் இருக்கிறவரிடம் "இது ஆண்டவர் உங்களோடு பேசுகிறார்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அப்படிச் சொன்னவர்களை வார்டிலிருந்து நான் வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

கைப்பிரதி கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்து, "விருப்பம் இருந்தா படிங்க" என்று சொன்னால் கொடுக்கலாம். சீட்டில் போட்டுவிட்டு இறங்கி ஓடுவதும் நெருப்பு படம் போட்ட அட்டையை நீட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது, ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இருக்கின்றன, வேலை விஷயமாக அங்கே போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி ஒரு சக பயணியிடம் மரியாதையாகப் பேசுவது இங்கே குற்றமில்லை. பணம், வேலை, சுகம் என்று ஆசை காட்டுவது வேறு கதை, சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம்.

தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒரு தடவை வந்த உறுத்தல் என்றால் மேலே சொன்னது போதும். ஆனால் ரயிலில் யாரைப் பார்த்தாலும் "இவங்ககிட்டச் சொல்லாட்டி நரகத்துக்குப் போயிடுவாங்க, அது உன்னாலதான்" என்று எண்ணம் மீண்டும் மீண்டும் வருகிறது, சொன்னால் ஐந்து நிமிஷம் நிம்மதி, பிறகு சரியாகச் சொன்னேனா என்று மறுபடி ஆரம்பிக்கிறது, ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்தும் மன்னிப்புக் கிடைத்த உணர்வு வரவில்லை என்றால், அது ஏவுதல் இல்லை. ஓசிடி என்கிற, ஒரே எண்ணம் விடாமல் வந்து துரத்துகிற மனநோய் பக்தியின் உருவத்திலும் வரும். இஞ்ஞாசியாரே 1522-இல் மன்ரேசாவில் இதே மாதிரி அறிக்கை செய்த பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கை செய்து வதைபட்டிருக்கிறார், உயிரை விட்டுவிடலாமா என்கிற எல்லைவரைக்கும் போனார். இன்றைக்கு இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அந்த எண்ணத்துக்குப் பதில் செய்யாமல் இருக்கப் பழக்குகிற முறையும் மாத்திரையும் பலருக்கு உதவுகின்றன. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்னும் அதிகமாக ஜெபம் பண்ணு, உபவாசம் இரு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த நோய்க்கு அது தீனி போடுவது. உங்கள் எழுத்தை மட்டும் வைத்து உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் மருத்துவர்.

கடைசியாக உங்கள் பாஸ்டர். அவரிடம் போய்ப் பேசுங்கள், ஆனால் ஆராதனை முடிந்த கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம், வாரநாளில் நேரம் கேட்டு, முடிந்தால் அம்மாவையோ சபையில் ஒரு மூத்த அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். "ஐயா, அந்தச் செய்திக்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை" என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். வியாக்கியானச் சண்டையாகத் தொடங்கவேண்டாம். மேய்ப்பன் மனது உள்ளவர் என்றால் அந்த ஒரு வாக்கியம் போதும், பேச்சு அதுவாகவே நகரும். அப்புறம் அவர் இரத்தப்பழி வசனத்தைத் திறந்தால், மூன்று வசனம் மேலே போய் அந்த ஏழு நாளையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோபப்பட்டால், அதே சபையில் நிதானமான ஒரு மூப்பர் நிச்சயம் இருப்பார், அவரைப் பாருங்கள்.